ஈரத்துணியில் சுற்றிய பத்துப் பட்டைகள்

துணி கிழிகிற சத்தத்தைக் கேட்டே இருபத்திரண்டு வருடம் சம்பளம் வாங்கியவள் நான். என்ன வேலை என்று கேட்பவர்களிடம் "துணி கிழிக்கிறேன்" என்று சொன்னால் சிரிப்பார்கள். கல்யாண வீடுகளில் நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஆனால் ஜவுளிக்கடைக்காரர் துணியின் ஓரத்தில் ஒரு வெட்டுப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் சர்ரென்று கிழித்துத் தருவாரே, அந்தச் சத்தம் வந்தால் இன்றைக்கும் என் கண் தானாக ஒரு முள்ளைத் தேடுகிறது. எந்த எண்ணில் நின்றது என்று பார்க்கவேண்டும் போலிருக்கிறது. முள் அங்கே இல்லை என்று தெரிந்த பிறகும் கண் தேடிக்கொண்டேதான் இருக்கிறது.

திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா போகும் சாலையில் இருந்தது அந்த மில். லாரித் தார்ப்பாய்க்கான முரட்டுப் பருத்தித் துணி நெய்தார்கள். தறிக்கூடத்தின் கோடியில், கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை என்னுடையது. நடுவில் ஆள் உயரத்துக்கு ஓர் இயந்திரம். மேலே ஒரு தாடை, கீழே ஒரு தாடை. ஒவ்வொரு துணியிலும் பாவு வாக்கில் ஐந்து, ஊடை வாக்கில் ஐந்து என்று பத்துப் பட்டைகள் வெட்டுவேன். பாவு என்பது நீளவாக்கில் ஓடும் இழை, ஊடை குறுக்கே ஓடுவது. பட்டையைத் தாடைகளுக்கு நடுவே கடிக்கவிட்டு மோட்டாரைப் போட்டால் கீழ்த்தாடை இறங்கும், பட்டை விறைக்கும், வட்ட முகப்பில் கறுப்பு முள்ளும் சிவப்பு முள்ளும் சேர்ந்து ஏறும். பட்டை அறுந்ததும் கறுப்பு முள் பூஜ்யத்துக்கு விழுந்துவிடும். சிவப்பு முள் மட்டும் அறுந்த எண்ணிலேயே நிற்கும். அதைக் குறித்துக்கொண்டு, கையால்தான் திருப்பி வைக்கவேண்டும்.

எனக்கு ஊர் நகரி. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் தறி. அந்தச் சத்தத்திலிருந்து தப்பிக்கத்தான் திருப்பதிக்கு வந்து பி.எஸ்ஸி. படித்தேன். தப்பித்து வந்து விழுந்தது இன்னொரு துணிக்குள். விதியை நொந்துகொள்ள எனக்கு நேரமில்லை, அப்பாவுக்குக் கண் மங்கிக்கொண்டிருந்தது, வேலை கிடைத்ததே பெரிய விஷயம்.

நகரிக்காரர்களுக்கு நூல் என்றால் தண்ணீர். சித்திரை வெயிலில் தறிமேடையைச் சுற்றி நனைத்த சாக்குத் தொங்கும். ஊடை நூல் சுற்றிய குச்சிகளை ஈரத்துணியில் பொதிந்து வைத்துத்தான் எடுப்பார்கள். பருத்தி நூல் காய்ந்தால் நொறுங்கும், நனைந்தால் இறுகும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. சோற்றை எந்தக் கையால் சாப்பிடுவது என்பதுபோல அது எங்களுக்குத் தெரியும். "தண்ணி காட்டலன்னா நூலு கோவிச்சுக்கினு அறுந்துபூடும்" என்பார் அப்பா. மில்லிலும் என் அறை ஜன்னலில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டிருந்தேன். மேனேஜர் அதைக் குளிர்ச்சிக்கு என்று நினைத்துக்கொண்டு, நல்ல யோசனை என்று பாராட்டினார்.

அந்த மில்லில் நகரிக்காரர் இன்னொருவரும் இருந்தார். எங்கள் அடுத்த தெரு. எனக்குப் பதினைந்து வயது மூத்தவர், அண்ணா என்று கூப்பிடுவேன். தற்காலிக நெசவாளியாகச் சேர்ந்து நான்கு வருடமாகியும் தற்காலிகமாகவே இருந்தார். மனைவியை நகரியில் விட்டுவிட்டு, மில்லுக்குப் பின்னால் ஓர் அறையில் ஐந்து பேரோடு படுத்துக்கொண்டிருந்தார். கையில் அவருக்கு ஒரு சுத்தம் இருந்தது. துணி எந்தத் தறியில் நெய்தது என்று தெரிவதற்காக ஒவ்வொரு தறிக்கும் ஒரு நிற இழையைக் கரையோரமாக ஓடவிடச் சொல்லியிருந்தார்கள். அவருடையது சிவப்பு. அந்தச் சிவப்பு இழை நூறு கெஜத்துக்கு ஒரே கோடாகப் போகும். மற்றவர்களுடையது பாம்பு மாதிரி நெளியும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடையில், மில்லுக்குப் பாராசூட் துணிக்கான சோதனை ஆர்டர் வந்தது. நைலான். அதுவரை நாங்கள் யாரும் அதைத் தொட்டதில்லை. ஊதினால் பறக்கும், விரலில் வழுக்கும், கட்டம் கட்டமாகத் தடித்த இழை ஓடும், ஓர் இடத்தில் கிழிந்தாலும் அடுத்த கட்டத்தில் கிழிசல் நிற்பதற்காக. ஐந்து சுருள் நெய்து காட்டவேண்டும். பட்டை எதுவும் நாற்பது கிலோவுக்குக் கீழே அறுந்தால் சுருள் தள்ளுபடி. மேனேஜர் எங்கள் எல்லோரையும் கூட்டி, "இதுக்குக் கீழ ஒரு மனுஷன் தொங்குவான், ஞாபகம் இருக்கட்டும்" என்றார். ஐந்து சுருளையும் அண்ணாவிடம்தான் கொடுத்தார்கள்.

குழாயடியில் டிபன் டப்பா கழுவிக்கொண்டிருந்தபோது அவர் வந்து நின்றார்.

"பாப்பா, இது பாஸாச்சுன்னா என்னப் பர்மனெண்ட் பண்றாங்களாம். மேனேஜரே சொன்னாரு. கோட்ரஸு வூடு குடுப்பாங்க, அவளக் கூட்டியாந்துடுவேன்."

"பாஸாவும்ணா. உங்க கை நெய்ததாச்சே."

"கை நெய்யுது. வெயில் வுடணுமே. காத்து எப்படிக் காயுது பாத்தியா."

அந்த ஒரு வார்த்தை எனக்குள் தங்கிவிட்டது. கோடையில் பருத்திப் பட்டைகள் எல்லாமே இரண்டு மூன்று கிலோ குறைந்துதான் அறுந்துபோகும். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஐந்து சுருளிலிருந்தும் பட்டைகளை வெட்டி முடித்த அன்று சாயந்திரம், எல்லோரும் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், என் பழைய பருத்திச் சேலையின் ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து, முதல் சுருளின் பத்துப் பட்டைகளை அதில் சுற்றினேன். பிறகு மற்ற நான்கு சுருளின் பட்டைகளையும் அப்படியே. அறைக்குள் பட்டைகளை இருக்கிறபடி வைக்கவேண்டும், எதுவும் செய்யக்கூடாது என்பது விதி. விதியை மீறுகிறோம் என்று தெரிந்துதான் செய்தேன். ஊர்க்காரருக்கு ஒரு கை கொடுக்கிறோம் என்ற சந்தோஷம்கூட இருந்தது. நிமிர்ந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் நின்றிருந்தார். என் கையையும் ஈரத்துணியையும் பார்த்தார். தலையைத் திருப்பிக்கொண்டு போனார்.

காலையில் மேனேஜர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பட்டைகளை அதற்குமுன்பே துணியிலிருந்து எடுத்து, தொட்டால் தெரியாதபடி துடைத்து வைத்திருந்தேன். முதல் பட்டை முப்பத்தாறில் அறுந்தது. இரண்டாவது முப்பத்தைந்து. நான் தாடையைச் சரிபார்த்தேன், முள்ளைத் தட்டிப் பார்த்தேன். மூன்றாவது முப்பத்தாறு. ஐந்து சுருளிலும் ஒரு பட்டைகூட முப்பத்தெட்டைத் தொடவில்லை. பருத்தி அறும்போது இழை இழையாகப் பொரியும், இது ஒரே அடியாகப் பட்டென்று போனது. ஒவ்வொரு சத்தத்துக்கும் கண்ணாடிக்கு வெளியே அண்ணாவின் தோள் லேசாக அசைவது எனக்குத் தெரிந்தது. ஐம்பது பட்டை. ஐம்பது முறை.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. இவ்வளவு உதவி செய்தும் இப்படி அறுகிறதென்றால், துணி எவ்வளவு மோசமாக இருந்திருக்கவேண்டும்! அவர்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. கை சுத்தம், கை சுத்தம் என்று நாம்தான் ஏமாந்துவிட்டோம் என்று நினைத்தேன்.

மறுநாளே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். டிரங்குப் பெட்டியோடு என் அறை வாசலில் வந்து நின்று, "உன்னால ஆனத நீ செஞ்ச, பாப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். முகத்தில் கோபம் இருந்ததா என்று அப்போது நான் பார்க்கவில்லை. பார்த்திருக்கவேண்டும்.

தள்ளுபடியான ஐந்து சுருளையும் பழைய துணி வாங்குபவர்கள் எடுத்துப்போனார்கள். வேறொரு நெசவாளி, கோயம்புத்தூர்க்காரர், புதிதாக நெய்யத் தொடங்கினார்.

ஆவணி மாதத்தில் பெங்களூரிலிருந்து ஓர் எஞ்சினியர் வந்தார். கோயம்புத்தூர்க்காரர் நெய்த துணியைப் பார்வையிட. நான் கிழித்துக் காட்டினேன், நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று நன்றாகவே வந்தது. அந்தப் பட்டைகளை நான் சுற்றி வைக்கவில்லை. அந்த மனிதர் யாரோ, அவருக்காக நான் ஏன் விதியை மீறவேண்டும்?

எஞ்சினியருக்கு அது போதவில்லை. "பட்டையை ரெண்டு பக்கம் இழுத்தா ஒரு கதை சொல்லும். காத்து நிரம்பி உப்பும்போது எல்லாப் பக்கமும் இழுக்கும். அது வேற கதை" என்றார். கைப்பையிலிருந்து பஞ்சு வைத்த ஒரு டப்பாவை எடுத்தார். உள்ளே சுண்டுவிரல் நகத்தளவு தகடுகள், லாடம்போல வளைந்தவை, இரண்டு பக்கமும் சின்னப் பாதம். வளைவின்மேல் தலைமயிர் கனத்தில் கம்பி. பாதங்களைத் துணியில் தைத்துவிட்டால், துணி விறைக்கும்போது லாடத்தின் கால்கள் அகலும், அகலும்போது கம்பியில் ஓடும் மின்சாரம் மாறும், மீட்டரில் முள் அசையும். துணி அந்த இடத்தில் எவ்வளவு இழுபடுகிறது என்று அதை வைத்துச் சொல்லலாம்.

தைக்கும் வேலை எனக்கு வந்தது. முதலில் தைத்ததைப் பார்த்துவிட்டு அவர் பிரிக்கச் சொன்னார். "இறுக்கித் தச்சிட்டீங்க. இப்ப இது துணியோட இழுப்பைக் காட்டாது, உங்க தையலோட இழுப்பைத்தான் காட்டும். துணிக்கே தெரியாம தைக்கணும்." துணி மெல்லியது, தகடு அதைவிட விறைப்பு, அளக்கப் போகிற பொருளே அளக்கப்படுவதை மாற்றிவிடுகிறது, அதுதான் இந்த வேலையில் பெரிய தொல்லை என்றார். நான்காம் முறை தைத்தது சரியாக வந்தது. கிண்ணம்போல வெட்டித் தைத்த துணியின் விளிம்பை மில் முற்றத்தில் ஓர் இரும்பு வளையத்தில் கட்டி, கீழிருந்து பெரிய விசிறியால் காற்றை ஏற்றினார்கள். துணி எழுந்து உப்பி நின்றது. உச்சியில் இருந்த தகடு ஓர் எண் காட்டியது, நடுவில் இருந்தது வேறு எண், விளிம்பில் இருந்தது இன்னொன்று. ஒரே துணி, ஒரே காற்று. அதற்குமுன் நான் துணியை ஓர் எண்ணாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், அன்று காலை எனக்கு அந்த வேலை முதல்முறையாகப் பிடித்துப்போனது.

அறைக்குத் திரும்பியதும் எஞ்சினியர் ஜன்னலைப் பார்த்தார். "ஏம்மா சாக்கை நனைச்சுக் கட்டியிருக்கீங்க?"

"நூலுக்கு ஈரம் நல்லது சார்."

அவர் சிரித்தார். "பருத்திக்கு நல்லது. இது நைலான். தண்ணி பட்டா இளகிடும். இருங்க, காட்டறேன்." மீந்திருந்த இரண்டு பட்டைகளில் ஒன்றைக் குடிதண்ணீர்த் தம்ளருக்குள் விட்டார். காபி குடித்து முடித்துவிட்டு இரண்டையும் அறுத்தார். காய்ந்தது நாற்பத்தொன்று. நனைந்தது முப்பத்தைந்து.

சிவப்பு முள் முப்பத்தைந்தில் நின்றது. அதைத் திருப்பி வைக்க எனக்குக் கை வரவில்லை. அவர் நான் ஆச்சரியப்படுவதாக நினைத்துக்கொண்டு இன்னும் விளக்கிக்கொண்டிருந்தார். அண்ணாவின் துணியில் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் என் சேலைத் துண்டில் இருந்தது.

அன்றைக்கே மேனேஜரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், பட்டைகளை ஏன் நனைத்தாய் என்பார். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது, பாஸாக்குவதற்காகச் செய்தேன். பாராசூட் துணியின் சோதனையில் கள்ளம் செய்தவளுக்கு எந்த மில்லில் வேலை கொடுப்பார்கள்? நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஒரு வாரம் நினைத்தேன். பிறகு நினைப்பதையும் விட்டேன். எனக்குப் பயம், அவ்வளவுதான். அதற்கு வேறு பெயர் வைத்து அழகுபடுத்த இப்போது எனக்கு விருப்பமில்லை.

அண்ணா நகரியில்தான் இருந்தார். மில்லில் கழித்துவிட்ட கை என்று பெயர் பரவி, எந்த முதலாளியும் அவருக்குப் பாவும் நூலும் கொடுக்கவில்லை என்று அம்மா சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனால், அவர் தெரு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போவேன். தீபாவளிக்குப் பிறகு குடும்பத்தோடு பலமனேர் பக்கம் போய்விட்டார், தக்காளித் தோட்டத்தில் வேலை என்றார்கள். எனக்கு மூச்சு லேசாகிவிட்டது. அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மார்கழியில் ஒரு நாள் பலமனேர் பஸ்ஸின் கண்டக்டர், திருப்பதிப் பஸ் நிலையத்தில் எனக்காக ஒரு கூடை இருப்பதாக மில்லுக்கு ஆள் சொல்லி அனுப்பினார். கூடை நிறையத் தக்காளி. மேலே ஈரத்துணி போட்டு மூடியிருந்தது. "மில்லுல துணி இழுக்கிற அம்மாகிட்டக் குடுக்கச் சொன்னாங்க" என்றார் கண்டக்டர். வேறு சேதி இல்லை.

ஈரத்துணி! நான் கூடையை அங்கேயே வைத்துவிட்டு ஓடியிருப்பேன், கண்டக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அன்றைக்குக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். நைலானுக்குத் தண்ணீர் ஆகாது என்று எங்கேயோ யாரோ அவருக்குச் சொல்லியிருக்கவேண்டும். 'உன்னால ஆனத நீ செஞ்ச' என்றாரே, அதுகூடக் குத்தல்தானோ? தக்காளியைக் காவலாளிக்குக் கொடுத்துவிட்டேன். அடுத்த மார்கழியிலும் கூடை வந்தது, அதற்கடுத்த மார்கழியிலும். கார்த்திகை பிறந்தாலே நாட்களை எண்ணத் தொடங்கிவிடுவேன். ஒரு தக்காளியைக்கூட நான் வாயில் வைக்கவில்லை.

துணியும் என்னை விடவில்லை. ஐந்து சுருளும் மாவட்டம் முழுக்கப் பரவிவிட்டன. ரேணிகுண்டா ரயில் நிலையத்தில் ஒருவர் புளி மூட்டையை அதில் கட்டித் தூக்கிக்கொண்டு போனார். சித்தூரில் உடன் வேலை செய்த பெண்ணின் கல்யாணத்துக்குப் போனேன், பழைய மிஷன் கோயில். பீடத்துக்குப் பக்கத்துக் கதவில் வெள்ளைத் திரை. கட்டம் கட்டமான நெசவு, கரையில் நேர்கோடாகச் சிவப்பு இழை. பாதிரியார் ஜெபம் செய்துகொண்டிருந்தார், நான் திரையில் எங்காவது கிழிசல் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் அதைப் பிடித்துத் தொங்கி விளையாடின. ஒரு கிழிசலும் இல்லை. எங்காவது ஓரிடத்தில் அது கிழிந்திருந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!

அப்படி ஏழெட்டு வருடம் போயிற்று. ஒரு மழைக்காலத்தில் மில் படியில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு முறிந்தால் எங்கள் பக்கத்தில் யாரும் யோசிப்பதில்லை, நேரே புத்தூர்தான். கட்டுப் போடுபவர் எலும்பைத் தடவிப் பார்த்து ஒரு சுண்டு சுண்டினார், எனக்கு உயிர் போய் வந்தது. பச்சிலையும் முட்டையும் வைத்துக் கட்டி, கையை அசைக்கவே கூடாது என்று தெலுங்கில் மூன்று தடவை சொன்னார். பிறகு மூலையில் அடுக்கியிருந்த வெள்ளைத் துணியிலிருந்து அகலமாக ஒரு துண்டை எடுத்து, என் கழுத்தில் முடிச்சுப் போட்டுக் கையை அதில் தொங்கவிட்டார். வலியில் குனிந்திருந்த என் கண்ணுக்கு நேரே, மூக்கைத் தொடுகிற தூரத்தில், சிவப்பு இழை.

"வேற துணி இருக்கா?" என்று கேட்டேன்.

"ஏம்மா, இதுக்கு இன்னா குறச்சல்? சாவற வரைக்கும் கிழியாது இது" என்றார்.

ஆறு வாரம் என் கை அதில் தொங்கியது. சாப்பிடும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் அந்த மனிதரின் துணி என்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. தாங்காது என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்ட துணி. கையெழுத்துப் போட்ட கையையே அது தாங்கியது. அழுதேன், எதற்கு என்று வீட்டில் கேட்டதற்கு வலி என்றேன்.

கட்டுப் பிரித்ததும் அந்தத் துண்டை மில்லுக்கு எடுத்துப்போனேன். ஈரம் துளியும் படாமல் நான்கு நாள் வைத்திருந்து, எண்ணெய்க் கறை இல்லாத இடமாகப் பார்த்து மூன்று பட்டை வெட்டினேன். இடது கையால்தான் தாடையை முடுக்கினேன். நாற்பத்தொன்று. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. இத்தனை வருடம் மூலையில் கிடந்து, துவைக்கப்பட்டு, என் எலும்பைச் சுமந்த பிறகும். கரையோடு சேர்ந்த பட்டை அறுந்தபோது சிவப்பு இழை மட்டும் ஒரு கணம் தனியாக நின்று, பிறகு அறுந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பலமனேருக்குப் பஸ் ஏறினேன். அறுந்த பட்டைகள் கைப்பையில் இருந்தன. சித்தூர் வரைக்கும் வெயில், மேடு ஏறியதும் குளிர் காற்று. வழியெல்லாம் ஒரு பொய்யை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். 'இப்பத்தாண்ணா எனக்கே தெரிஞ்சிது, போன மாசந்தான்.' அது சுலபமான பொய். யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

வீடு தக்காளித் தோட்டத்தின் ஓரத்தில் இருந்தது. தலை முழுக்க நரைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "பாப்பா! வா வா வா. ஏய், யாரு வந்துக்கறாங்க பாரு" என்று மனைவியைக் கூப்பிட்டார். அந்த முகத்தில் குத்தல் எதுவும் இல்லை. நான் குழம்பிப்போனேன். அந்த அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்து, "இவருதான் சொல்லிக்கினே இருப்பாரு. நகரிப் பொண்ணு ஒண்ணு எனக்காவ வேலையே போனாலும் பரவால்லன்னு தண்ணி காட்டுச்சுன்னு" என்றாள்.

மோர்த் தம்ளரைக் கீழே வைத்தேன்.

"உன்ன மறக்க முடியுமா பாப்பா" என்றார் அவர். "கண்ணாடி வழியாப் பாத்தேனே. ஈரத்துணில சுத்தி சுத்தி வெச்ச. எவன் செய்வான் அத? அப்படி இருந்தும் என் துணி நிக்கல. தண்ணி காட்டியும் நிக்கலன்னா, அது கையிதானே தப்பு? அன்னிக்கே தெரிஞ்சிபோச்சு எனக்கு. அப்பறம் தறியத் தொடல. புள்ளைங்களுக்கும் கத்துக்குடுக்கல. என் கை அவங்களுக்கு வாணாம்னுட்டேன்."

எட்டு வருடமாக நான் எதைக் குற்றச்சாட்டு என்று நினைத்துப் பயந்தேனோ, அது நன்றி. அவர் குத்திக்காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதை எப்படித் தாங்குவது?

பையிலிருந்து பட்டைகளை எடுத்து அவர் கையில் வைத்தேன். சொன்னேன். நைலான் நனைந்தால் இளகும் என்று. நான் நனைக்காமல் இருந்திருந்தால் ஐந்து சுருளும் பாஸாகியிருக்கும் என்று. என் கை அவர் துணியிலேயே ஆறு வாரம் தொங்கியதையும், நாற்பத்தொன்று என்பதையும். அவர் சிவப்பு இழையைக் கட்டைவிரல் நகத்தால் நீவிக்கொண்டே கேட்டார்.

"அப்போ என் கை சரியாத்தான் இருந்துச்சா?"

"சரியா இருந்துச்சுண்ணா."

"இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னேன். அவர் மனைவியைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவர் முகம் மலர்ந்தது, உண்மையாகவே மலர்ந்தது, தறியில் உட்கார்ந்திருந்த காலத்து முகம் ஒரு நிமிஷம் வந்துபோனது. பிறகு ஏதோ கணக்குப் போடுவதுபோலப் புருவம் நெரிந்தது.

"இது உனக்கு எப்போ தெரியும்?"

பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது.

"அதே வருசம்ணா. ஆவணில."

"ஆவணி" என்றார். விரலை மடக்கினார். "புரட்டாசி. ஐப்பசி. ஐப்பசி வரைக்கும் நான் நகரியிலதான் இருந்தேன், பாப்பா. உங்க அடுத்த தெருவு."

"தெரியும்ணா."

அவர் திட்டவில்லை. எழுந்து திரும்பி நின்று தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா, என்ன செய்வது என்று தெரியாமல், நான் வந்தவுடனேயே எனக்காக நிரப்பி வைத்திருந்த கூடையைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். தக்காளிமேல் ஈரத்துணி. அவர் திரும்பிப் பார்த்தார்.

"அத உள்ள வையி" என்றார் அவளிடம். என்னிடம், "மூணு மணிக்கு பஸ்ஸு. கெளம்பு" என்றார். பட்டைகளைத் திருப்பித் தரவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த மார்கழியில் பலமனேர் பஸ் வரும் நேரத்துக்குத் திருப்பதிப் பஸ் நிலையத்தில் போய் நின்றேன். கண்டக்டருக்கு என்னை நன்றாக அடையாளம் தெரியும். படிக்கட்டில் நின்றபடியே கையை விரித்தார்.

"இந்த வருசம் ஒண்ணும் குடுக்கலம்மா. கேட்டுக்கூடப் பாத்தேன். அவரு பையனுக்குத் தறி வாங்க நகரிக்குப் போயிருக்காராம்."